பல்செட் ஆடுதா? குறை உங்க அப்பத்தா மேல இல்லை!

சாக்கோட்டையில் வீட்டு விசேஷம். பலகாரத் தட்டு வருகிறது. சீப்புச் சீடையைப் பார்த்ததும் அப்பத்தா, "எனக்கு வேண்டாம்ப்பா" என்று தள்ளிவிடுகிறார். பல்செட் சுருக்குப் பைக்குள் இருக்கிறது. "போட்டா ஆடுது, நாலு பேர் முன்னாடி கழண்டு விழுந்தா அசிங்கம்" என்கிறார்.

"டாக்டர் சரியா செய்யல" என்று நாமும் நகர்ந்துவிடுகிறோம். அங்கேதான் தப்பு செய்கிறோம்.

ஏன் ஆடுகிறது?

இயற்கைப் பல்லுக்கு எலும்பில் வேர் உண்டு. முழு பல்செட் ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் அசைவது இயல்பு. மேல் செட் அண்ணம் முழுக்கப் பரவியிருக்கும். எச்சில் படலம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போலத்தான். கீழ் செட் லாட வடிவம். பரப்பு ஏறக்குறைய பாதிதான். நாக்கு வேறு தள்ளும்.

முன்பல்லால் கொய்யாவைக் கடித்தால் மேல் செட்டின் பின்பக்கம் இறங்கும், காற்று புகும், பிடி போய்விடும். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். சில மாத்திரைகளால் வாய் வறண்டாலும் பிடி குறையும்.

முக்கியமான காரணம் இன்னொன்று. பல் போன தாடை எலும்பு ஆயுசு முழுக்கத் தேயும். கீழ்த்தாடை இன்னும் வேகமாக. செட் அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் மாறிவிட்டது.

என்ன செய்யலாம்?

சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லச் சொல்லுங்கள். புது செட் பழகச் சில வாரம் ஆகும். லூஸாகிவிட்டால் உட்புறத்தில் புதிதாகப் பூச்சு கொடுத்து வாய்க்குப் பொருத்தலாம். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதில் செட்டை மாட்டினால் ஆட்டம் வெகுவாகக் குறையும், செலவுதான் கூடுதல். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறோம். பல்செட்டை மட்டும் ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்ததா? ஆடுகிற செட்டால் முதலில் காணாமல் போவது சுண்டலும் கறியும் காய்கறியும். கடைசியில் மிஞ்சுவது ரசஞ்சாதம்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனால், "சாப்பிட்டீங்களா அப்பத்தா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பல்செட் எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள்.