சின்னக் கண்ணுக்குப் பட்டை மையா?

ஆகஸ்டு 5-ந் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. கோவில் தெருவில் வளையல் கடை, ரிப்பன் கடை, பொட்டுக் கடை எல்லாம் வரிசையாக இருக்கும். அப்படி ஒரு கடையில், ஒரு தாய் தன் மகளிடம் சொன்னார்:

“ஏட்டி, ஒனக்குச் சின்னக் கண்ணு. நல்லா பட்டையா மை போடு. அப்பத்தான் கண்ணு பெரிசாத் தெரியும்.”

மகளும் போட்டாள். மேல் இமை, கீழ் இமை, சுற்றிலும் கறுப்புக் கோடு! கண் பெரிதாகத் தெரிந்ததா? இல்லை. இருந்த கண்ணும் கோட்டுக்குள் ஒடுங்கிப் போயிற்று.

அந்தப் பெண் மேல் குற்றம் இல்லை. கண் மேலும் குற்றம் இல்லை. மை போட்ட இடம்தான் தப்பு.

முத்து வியாபாரி செய்தது

தூத்துக்குடி முத்துக்குப் பேர்போன ஊர். 1961-ம் ஆண்டோடு அங்கே முத்துக் குளிப்பு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் முத்துக்களைப் பித்தளைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். உருண்டை முத்துக்கு ஒரு விலை. கோணல் முத்துக்கு ஒரு விலை. கோணல் என்று யாரும் கடலில் எறியவில்லை. அதற்கு ஏற்ற நகையில் வைத்துக் கட்டினார்கள்.

கண்ணும் அப்படித்தான். அதன் வடிவம் எலும்பாலும் இமையாலும் அமைந்தது. மை அதை மாற்றாது. எடுத்துக் காட்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியைப் பாருங்கள்

சின்னக் கண் உள்ளவர்கள் கீழ் இமையின் உள்ளே கறுப்பு மை இடவேண்டாம். மேல் இமையில் மயிரை ஒட்டி மெல்லிய கோடு போடுங்கள். வெளி ஓரத்துக்கு வரும்போது சற்றுத் தடிப்பாக்குங்கள். கீழே போடாமல் மனசு கேட்காது என்றால், வெளிப் பாதியில் மட்டும் லேசாகத் தொட்டுவிடுங்கள்.

சுற்றிலும் மை தாங்குவது பெரிய, உருண்ட கண்தான். கண்கள் மூக்கை நெருங்கி இருந்தால், கோட்டை இமையின் நடுவில் தொடங்கி வெளியே கொண்டு போங்கள். விலகி இருந்தால் மூக்கோரத்திலிருந்தே தொடங்கலாம். ஓரம் சரிந்த கண்ணில், சரிவோடு கோடு இழுத்தால் முகம் அழுததுபோல் ஆகிவிடும். கோடு முடியும் முன்பே சற்று மேலே தூக்குங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களை அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும். மேல் கோடு கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டும். அதில் மை அப்பியிருந்தால் அதுவும் பெரிதாகத் தெரியும்!

சரோஜாதேவி படங்களில் கண்ணோரத்து மை வால்போல நீண்டிருக்கும். அது சினிமா. நாட்டியம் ஆடுகிறவர் பட்டையாக இடுவது கடைசி வரிசைக்கும் கண் தெரிய வேண்டும் என்பதற்காக. உச்சி வெயிலில் மார்க்கெட்டுக்குப் போக அது எதற்கு? கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அரை மணியில் கன்னத்துக்கு வந்துவிடும்.

பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம்

இதுவரை சொன்னது அழகு. இனிச் சொல்வது ஆபத்து.

“மை இட்டால் பிள்ளையின் கண் பெரிதாகும்” என்று நம்பி, பிறந்த குழந்தையின் இமைக்குள் மை தேய்க்கிறார்கள். பிறந்தபோது கண் விழியின் நீளம் சுமார் 17 மில்லி மீட்டர். பெரியவர்களுக்குச் சுமார் 24. மை இட்டாலும் வளரும், இடாவிட்டாலும் வளரும்.

சில சுருமாவிலும் மையிலும் காரீயம் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 2011-ல் ஒரு 6 மாதக் குழந்தையின் ரத்தத்தில் காரீயம் இருப்பது தெரிந்தது. எங்கிருந்து வந்தது? நைஜீரியாவிலிருந்து கொண்டுவந்த கண் மையிலிருந்து! பிள்ளை அழகாக இருக்கட்டும் என்று பெற்றோர் இமையில் தடவியதுதான். அந்த மையைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 82 பங்குக்கு மேல் காரீயம்! காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது.

“எங்கள் பாட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கின் கரியில் கூட்டிய மை ஆயிற்றே?” என்பீர்கள். அதில் காரீயம் சேர்வதில்லைதான். ஆனால் பாட்டியின் விரலில் நகம் இருக்கிறதே! நகத்தில் அழுக்கும் இருக்குமே! திருஷ்டிக்குக் கன்னத்தில் வைக்கும் பொட்டுகூட, பிள்ளை கையில் பட்டு வாய்க்குத்தான் போகிறது.

பெரியவர்களும் பேர் ஊர் இல்லாத மையை வாங்காதீர்கள். ஈயச் சேர்மத்தால் அழகுப் பொருளுக்கு நிறம் ஏற்றக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. செய்தவர் பெயரே இல்லாத சிமிழை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது?

அக்கா, தங்கை, அண்ணி எல்லோருக்கும் ஒரே சிமிழ் வேண்டாம். ஒருத்திக்கு வந்த ‘மெட்ராஸ் ஐ’ இரண்டொரு நாளில் வீடு முழுவதும் வந்துவிடும். வந்துவிட்டால் அந்தச் சிமிழில் எவ்வளவு மை மிச்சம் இருந்தாலும் சரி, தூக்கி எறிந்துவிடுங்கள்.