பார்த்து எழுதினால் காப்பியா?

திருவள்ளூர் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற பையன் பரீட்சைக்கு டேட்டா புத்தகத்தோடு கிளம்பினால், "பார்த்து எழுதறதுக்குப் பேரு பரீட்சையா?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்காதீங்க! அமெரிக்காவில் விமானி லைசென்சு எழுத்துத் தேர்விலேயே வரைபடம், அட்டவணை அடங்கிய புத்தகத்தைக் கையில் கொடுத்து விடுகிறார்கள். அதைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரியாதவர் பெயில்தான்!

காரணம் இருக்கிறது. 1935-ல் போயிங் 299 விமானம் கிளம்பியதுமே விழுந்து நொறுங்கியது. வால் பகுதிப் பூட்டை எடுக்க மறந்து விட்டார்கள். இருவர் பலி! அதன் பிறகே, பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் விமானிகளிடம் வேரூன்றியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாய்லர், உலை பக்கத்தில் நிற்கப் போகிற பையனுக்கும் இதே கதைதான். ஞாபகம் ஏமாற்றும். எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும் என்று தெரியுமா? பரீட்சையில் அதைக் கேளுங்கள்!