பிடிவாதமா, உறுதியா?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த ஒரு தந்தை, மஃரிப் தொழுகைக்குப் பின் நம்மிடம் முறையிட்டார். பிளஸ் டூ முடித்த மகள் மேலே படித்தே தீருவேன் என்கிறாளாம். "ரொம்பப் பிடிவாதம், ஹஜ்ரத்! நானும் உறுதியாத்தான் இருக்கேன்" என்றார். ஒரே செயலுக்கு மகளிடம் ஒரு பெயர், தம்மிடம் வேறொரு பெயர்.

ஆங்கிலத்தில் 'பெர்டினாசிட்டி' என்றொரு சொல் உண்டு. இறுகப் பற்றியிருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நம் பிடிவாதத்திலும் 'பிடி' இருக்கிறதல்லவா? அச்சொல்லால் ஒருவரைப் பாராட்டவும் செய்வர், பழிக்கவும் செய்வர். அதன் இலத்தீன் மூலத்தை, விடாமுயற்சிக்கு அண்டையில் நிற்கும் குற்றம் என்றார் ரோமானிய அறிஞர் சிசரோ. அடுத்தடுத்த வீடுகள், இடையே ஒரு சுவர்தான்.

அந்தச் சுவரை ஸூரா நூஹில் காணலாம். நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களை இரவும் பகலும் அழைத்தார்கள்; பகிரங்கமாகவும் அழைத்தார்கள், இரகசியமாகவும் அழைத்தார்கள். அவர்கள் அச்சமூகத்தாரிடையே 950 ஆண்டுகள் இருந்ததாக ஸூரா அன்கபூத் கூறுகிறது. மக்களும் சளைத்தவர்கள் அல்லர். காதுகளில் விரல்களை வைத்துக்கொண்டனர், ஆடைகளால் போர்த்திக்கொண்டனர். அவர்களுடைய பிடிவாதத்துக்கே 'அஸர்ரூ' என்னும் வினை அங்கு வருகிறது (71:7). அதை ஒட்டியே பெருமையும் பேசப்படுகிறது. அறிந்துகொண்டே தவறில் நிலைத்திராத இறையச்சமுடையோரைப் பற்றிய வசனத்திலும் (3:135) அதே வினைதான். காலத்தை மட்டும் அளந்தால் இரு தரப்பும் சமம். ஒருவர் வழிகளை மாற்றி மாற்றிப் பேசினார். மற்றவர் காதை அடைத்தனர்.

(மாணவர் ஒரே ஐயத்தை மும்முறை கேட்டால் 'அடம்' என்று நாமும் அதட்டியதுண்டு. பிழை நம்முடையதே.)

மகள் என்ன சொல்கிறாள் என்று அத்தந்தையிடம் கேட்டோம். முதலில் சென்னையில் விடுதி என்றாளாம். பிறகு புறநகர் ரயிலில் தினமும் போய்வருகிறேன் என்றாளாம். இப்போது அஞ்சல் வழியில் படித்தாலும் போதும் என்கிறாளாம். அவர் சொன்னதோ மூன்று முறையும் ஒன்றே. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்!

"எந்தப் பாடம் படிக்க விரும்புகிறாள்?"

சற்று நேரம் பேசாதிருந்தார். "கேட்டதில்லை, ஹஜ்ரத்."

இஷாவுக்கு பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்க் கேட்பதாகச் சொல்லி, ஒளூச் செய்ய எழுந்தார்.