கடன்பட்டவர் ஒருவர், கல்லூரியை விடுபவர் இன்னொருவரா?

“ஒரு வருடந்தானே? நிறுத்திவிட்டுப் பிறகு போகட்டும்.”

ஊவாவின் தோட்டங்களில் இன்று மிக எளிதாக வழங்கப்படும் அறிவுரை இதுவாகும். மடுல்சீமையிலிருந்து அப்புத்தளை வரை, பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்பிவைத்த எந்த லயத்திலும், ஏதேனும் ஓர் இடி விழுந்த மறுநாளே இக்குரல் எழும். தகப்பன் படுக்கையில் விழுந்தால் எழும். கூரை பறந்தால் எழும். தம்பியின் படிப்புக்குப் பணமுடை வந்தால் எழும். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தோட்டத் தலைவர் சொல்வார், கோயில் ஐயர் சொல்வார், கொழும்பிலே கடை வைத்திருக்கும் மாமன் சொல்வார். அன்போடு சொல்கின்றார்கள் என்பதற்காக அது நல்ல அறிவுரை ஆகிவிடுமா? ஆகாது. அதனை எதிர்த்தே இதனை எழுதுகின்றோம்.

2025ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறைக்கு மேலேயுள்ள தோட்டம் ஒன்றிலிருந்து தாயும் மகளும் நம்மைத் தேடி வந்தனர். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் படியேறிய முதற் பிள்ளை. தகப்பனார் கொழுந்துச் சாக்கோடு சரிவில் விழுந்து இடுப்பு முறிந்து, இனி மலையேற இயலாது என்று வைத்தியரால் கூறப்பட்டவர். அவருடைய பெயர் செக்ரோலிலிருந்து நீக்கப்பட்டு மாதங்கள் சில ஆகியிருந்தன. தாயின் பெயர் செக்ரோலில் இருந்தபடியால் லயம் மாத்திரம் தப்பியது. கொழும்பிலே ஒரு புடைவைக் கடையில் மகளுக்கு வேலை சொல்லி வைத்தாயிற்று. அவர்கள் நம்மிடம் வந்தது வழக்குப் பேசுவதற்கன்று; பல்கலைக்கழகத்துக்கு விடுப்புக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் போவதற்கே!

கடிதத்துக்கு முன் நாம் கேட்ட கேள்வி ஒன்றே. “அப்பா எத்தனை வருடம் வேலை செய்தார்?”

“இருபத்து நாலு வருசம், ஐயா.”

“சேவைக்காலப் பணம் கிடைத்ததா?”

தாய் மகளைப் பார்த்தார்; மகள் தரையைப் பார்த்தாள். தோட்டக் கந்தோரில் “பார்ப்போம்” என்றார்களாம். அவ்வளவுதான்.

வாசகர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று இந்நாட்டில் உண்டு. ஐந்து ஆண்டு சேவையை முடித்த தொழிலாளி, எக்காரணத்தால் வேலையை விட்டாலும், நாட்சம்பளக்காரராயின் சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் 14 நாட் சம்பளம் அவருக்கு உரியது. அதுவும் அவர் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். வேலை முடிந்த 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்படல் வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு 10 முதல் 30 வரை மேலதிகமாகச் செலுத்தல் வேண்டும். 2024 செப்டெம்பரில் விதிக்கப்பட்டபடி, 2025இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 24 ஆண்டுக்கு 336 நாட்கள். 336ஐ 1,350ஆற் பெருக்கினால் 453,600 ரூபா.

இனி அந்தப் பிள்ளையின் பக்கத்துக் கணக்கு. 2025 ஏப்ரலிலிருந்து அவ்வாண்டில் சட்டம் விதித்திருந்த ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. கடைக்காரர் அதனை ஒரு சதமும் குறையாமற் கொடுக்கின்றார் என்றும், அவள் கொழும்பிலே உண்ணாமலும் உறங்க இடம் தேடாமலும் பன்னிரண்டு மாதம் நின்றாள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் வருவது 324,000 ரூபா. அறை வாடகையும் சாப்பாடும் போனால் லயத்துக்கு வந்து சேர்வது அதில் எத்தனை பங்கு என்பதைப் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிய தாய்மார் அறிவர். மறுபுறத்தில் அவள் இழப்பது யாது? 2025 வரவு செலவுத் திட்டத்தில் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட மாதாந்த நிதியுதவி. வகுப்புக்குப் போகாதவருக்கு அது கிடையாது.

கண்டீர்களா? ஓராண்டு தன் இளமையை விற்று அவள் ஈட்டக்கூடிய தொகையிலும் பெரியதொரு தொகை, அவளுடைய தகப்பனாருக்குச் சட்டப்படி சேரவேண்டியது, தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் கிடந்து உறங்குகின்றது! காயத்துக்கான நட்டஈடு வேறு. 1934ஆம் ஆண்டிலிருந்து அதற்கும் சட்டம் உண்டு. நிரந்தரமாக உழைக்கும் வலுவை இழந்தவர் வைத்தியச் சான்றோடு தம் சேமலாப நிதியைப் பெறும் உரிமை வேறு. இவற்றில் ஒன்றேனும் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டது அந்தப் பிள்ளையின் படிப்பு ஒன்றே. கடன்பட்டவர் கந்தோரிலே சாவகாசமாக இருக்கின்றார். கடன் கொடுத்தவரின் மகள் கல்லூரியை விடுகின்றாள். இதற்குக் குடும்பத்தின் கஷ்டம் என்று பெயர் வைத்திருக்கின்றோம். நாம் அதனைக் களவு என்போம்.

தொழிற்சங்கத் தலைவர்கள் கோபிக்கலாம். கோபிக்கட்டும். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சந்தா கழிக்கப்படுகின்றது. தொழிலாளி கையாற் கொடுக்க வேண்டிய சிரமங்கூட இல்லை. அந்தச் சந்தாவைப் பெறும் சங்கங்களிடம் ஒரு கேள்வி. வேலையை விட்டு நின்ற அங்கத்தவர்களின் சேவைக்காலப் பணத்துக்காகச் சென்ற ஆண்டில் உங்கள் மாவட்டக் காரியாலயம் எத்தனை விண்ணப்பங்களை எழுதிற்று? எண்ணைச் சொல்லுங்கள். “பிள்ளை ஒரு வருடம் நிற்கட்டும்” என்று தோட்டத் தலைவர் கூறுவதற்கு முன், அந்த எண்ணைச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு.

நம்மையும் இதில் நாம் விலக்கிக்கொள்வதற்கில்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலின்போது, விடுமுறைக்கு வீடு வந்திருந்த மாணவர் இருவரைப் பிரசாரத்துக்காக நிறுத்தி வைத்தோம். இன்னும் இரண்டு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று கேட்டோம். அவர்களும் சமூகத்துக்காக என்று நின்றனர். ஒருவர் பரீட்சையைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு எழுதிச் சித்தியடைந்தார். எனினும் வகுப்புச் சித்தி அவருக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாதபடியால் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கவும் இயலவில்லை. அவர் நம்மை இதுவரை ஒரு சொல்லும் குறைகூறியதில்லை. அதனால் நம் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

“காந்தியடிகள் அழைத்தபோது மாணவர் கல்லூரியைத் துறக்கவில்லையா?” என்று அந்நாளில் நாம் மேடையிலே முழங்கியதுண்டு. துறந்தார்கள். ஆனால் அழைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மேடையில் நாம் சொல்லவில்லை. 1920இல் அகமதாபாத்தில் குஜராத் வித்யாபீடம் எழுந்தது. அதே ஆண்டில் அலிகாரில் ஜாமியா மில்லியா தொடங்கிற்று. 1921இல் காசி வித்யாபீடம் தோன்றிற்று. ஒரு வாசலை விட்டு வருக என்றவர்கள் இன்னொரு வாசலைக் கட்டி வைத்தார்கள். ஒத்துழையாமைக்காகப் பள்ளியை விட்ட லால் பகதூர் என்னும் ஏழைச் சிறுவன் அந்தக் காசி வித்யாபீடத்திற் பயின்று 1925இல் பெற்ற பட்டமே ‘சாஸ்திரி’ என்பது. அந்தப் பட்டப்பெயர் பின்னாளில் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தத்தில், நம்மவர் 525,000 பேரைக் கப்பலேற்றுவதற்கு இணங்கியவர் அவரே! இடைநின்ற பிள்ளைக்கு ஒரு கல்லூரி காத்திருந்தது, அவர் பிரதமரானார். நம் பிள்ளை இடைநின்றால் அவளுக்காகப் பதுளையிலே எந்த வித்யாபீடம் காத்திருக்கின்றது? 2005இல் பதுளையிற் பிறந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும், ஏனைய அரசாங்கப் பல்கலைக்கழகங்களைப் போலவே, உயர்தரப் பெறுபேற்றின்படி ஆணைக்குழு தெரிந்தெடுத்து அனுப்புவோருக்கே உரியது. இடையிற் கைவிட்ட ஒருவர் நினைத்தவுடன் நுழையும் வாசல் அதுவன்று.

“ஒரு வருடந்தானே” என்போர் வருடக் கணக்கையும் சிறிது பார்க்கட்டும். இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. கன்னங்கராவின் அந்தப் பெருந்திட்டம் தோட்ட எல்லையோடு நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1972இலும் 1975இலும் தோட்டக் காணிகள் அரசுடைமையான பின்னர், 1977 முதலே அப்பாடசாலைகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றது. ஏனைய பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளுக்கு மேல், நம் மக்கள் யாரும் விண்ணப்பிக்காமலே ‘விடுப்பில்’ வைக்கப்பட்டிருந்தனர். இடையில் 1948இல் பிரசாவுரிமையும் போயிற்று. அந்தக் குறை முழுதும் தீர்வதற்கு 2003 வரை செல்லவேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளை இழந்த ஒரு சமூகத்துக்கு இன்னும் ஓர் ஆண்டு சிறிய தொகையாகத் தோன்றுவது எங்ஙனம்?

வெலிமடையிலும் ஊவா பரணகமவிலும் உருளைக்கிழங்கு பயிரிடும் நண்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலே பசி வந்தபோது விதைக்கிழங்கை அவித்தவன் அடுத்த போகத்தில் என்னவானான் என்பதை அவர்கள் நேரிற் கண்டிருக்கின்றார்கள்.

விடுப்பே கூடாது என்று நாம் விதி செய்யவில்லை. நோயுற்றவர் உண்டு. பிரசவம் உண்டு. மனம் சோர்ந்து புத்தகத்தைத் திறக்க இயலாத நிலையும் நோயே. அதனைச் சோம்பல் என்று ஏசுவோர் அறியாதார். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை உலுக்கியபோதும், உறவையும் வீட்டையும் இழந்த பிள்ளைகள் மறுவாரமே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்று மனிதர் எவரும் கூறார்.

ஆனால், விடுப்பு என்பது வேறு. காணாமற் போவது வேறு. நம் பிள்ளைகளிற் பலர் செய்வது இரண்டாவதே. நண்பனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகின்றார்கள். பல்கலைக்கழகத்தின் பார்வையில் அது விடுப்பன்று. பீடாதிபதிக்கு எழுத்தில் விண்ணப்பம் செல்ல வேண்டும். பீடச் சபையும் மூதவையும் அதனை அங்கீகரிக்க வேண்டும். அங்கீகாரக் கடிதம் கையில் இருக்க வேண்டும். இது இல்லாமற் பரீட்சைக்கு வராதவர், பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதிப்படி, ஒரு தடவை தோற்றித் தவறியவராகவே கணக்கிடப்படுவார். மறுமுறை எழுதும்போது எத்துணைத் திறமையாக எழுதினும் சாதாரண சித்திக்கு மேல் புள்ளி ஏறாது. பட்டத்தை முடிக்க வேண்டிய உச்ச வரம்பும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு தாளை எழுதிக் கொடுக்காத குற்றத்துக்கு ஒரு வாழ்நாளின் தண்டனை!

பல்கலைக்கழகங்களை நடத்துவோரிடமும் ஒன்று கேட்போம். மருத்துவச் சான்றிதழைக் கொண்டுவந்தால் விடுப்புத் தருகின்றீர்கள்; நல்லது. செக்ரோலிற் பெயர் வெட்டப்பட்டதற்குச் சான்றிதழ் வழங்கும் வைத்தியர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கின்றார்? கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்தும் வறுமையையும் பேரிடரையும் விடுப்புக்குரிய காரணமாக ஏற்று, திரும்பி வரும் நாளில் விடுதி இடமும் நிதியுதவியும் முன்போலவே உண்டு என்று எழுத்திற் கூறுங்கள். பதுளை, மொனராகலை இரண்டையும் பின்தங்கிய மாவட்டங்கள் என்று குறித்துத் தனி இடம் ஒதுக்கி அனுமதிக்கின்றீர்கள் அல்லவா? உள்ளே எடுத்த பிள்ளை இடையில் விழுந்தால், மாவட்டத்தின் பின்தங்கிய நிலை அன்றோடு மறைந்துபோகின்றதா?

எஞ்சியிருப்போர் நம்மவர். சட்டத்தரணிகள், வைத்தியர்கள், அதிபர்கள், வங்கியில் உள்ளோர். நம்மிற் பெரும்பாலோர் லயத்தின் படியிலிருந்து இறங்கி வந்தவர்களே. பண்டாரவளையிலும் பதுளையிலும் வீடு கட்டிய பிறகு அந்தப் படியை மறந்தோம். தேர்த் திருவிழா உபயத்துக்குப் பெயர் கொடுக்கப் போட்டியிடுகின்றோம். உபயத்தை நாம் பழிக்கவில்லை. நம்முடைய பெயரும் அந்த நோட்டீசில் உண்டு. ஆயினும் பணிக்கொடை விண்ணப்பம் ஒன்றை எழுத ஒரு மணி நேரம் போதும். தொழில் ஆணையாளருக்கு முறைப்பாடு எழுத ஒரு சட்டப்பட்டங்கூடத் தேவையில்லை. எழுத்தறிந்த ஆசிரியர் ஒருவர் போதும். விண்ணப்பம் எழுதிப் பணம் கைக்கு வரும்வரை அந்தக் குடும்பத்துக்கு நாலைந்து மாதம் கைமாற்று வேண்டும். மரக்கறி விற்ற பணத்தைச் சங்கத்தில் இட்டு வைத்திருக்கும் விவசாயிகளும், மாதச் சம்பளக்காரரும் சேர்ந்தால் அது பெரிய காரியமா?

அந்தப் பிள்ளைக்கு நாம் விடுப்புக் கடிதம் எழுதவில்லை. அவளுடைய தகப்பனாருக்கு விண்ணப்பம் எழுதினோம். அவர் நடுங்கும் கையாற் கையெழுத்திட்டார். விசாரணை நடந்துகொண்டிருக்கின்றது, பணம் இன்னும் வரவில்லை என்பதை மறைக்காமற் சொல்கின்றோம். அவளுடைய செலவைப் பதுளையில் ஐந்து பேர் பங்கிட்டுக்கொண்டுள்ளோம். அவள் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கின்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், காலை 9 மணி முதல் பசறையில் அமர்ந்திருப்போம். வருவோர் சம்பளத் துண்டுகள், சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை, விபத்தாயின் ஆஸ்பத்திரிச் சீட்டு, தோட்டக் கந்தோர் கொடுத்த கடிதம் ஏதேனும் இருப்பின் அது, இவற்றைக் கொண்டு வருக. சம்பளத் துண்டு இல்லாதோரும் வரலாம். உடன் வேலை செய்த இருவரை அழைத்து வந்தாற் போதும். பல்கலைக்கழகத்திற் படிக்கும் பிள்ளை இருந்தால், பஸ் ஏறும் முன்னர் அவரையும் கூட்டி வருக.