உடம்பில் வீக்கம், குழாயில் வறட்சி

காலையில் எழுந்த பிள்ளைக்கு இரண்டு கண் இமைகளும் வீங்கியிருந்தால், கொசு கடித்திருக்கும் என்றோ அலர்ஜி என்றோ பெற்றோர் நினைப்பது இயல்பு. நம் பாரிட் புந்தார் வயல் சூழ்ந்த ஊர், கொசுவுக்குப் பஞ்சமில்லை. மாலையில் இமை வடிந்துவிடும், ஆனால் பள்ளிக் காலுறையின் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். சிறுநீர் நுரைக்கும். அரசாங்க கிளினிக்கில் சோதனைக் குச்சியைச் சிறுநீரில் நனைத்தால், அதிலுள்ள மஞ்சள் கட்டம் பச்சையாக மாறும். சிறுநீரில் புரதம் போகிறது என்று அதற்குப் பொருள். குழந்தைகளுக்கு வரும் சிறுநீரக நோய்களில் பரவலானதான நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் இது மற்றவர்களைவிட அதிகம் என்று காட்டியுள்ளன. ஆகவே இது நம் வீடுகளுக்கு அந்நியமான நோய் அல்ல.

தைப்பிங் அல்லது ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பிறகு, குழந்தை மருத்துவர் ரத்தக்கட்டி பற்றிப் பேசும்போதுதான் பெற்றோர் குழம்பிப்போகிறார்கள். மூத்திரத்தில் சத்து போகிறது, சரி. அதற்காக ரத்தம் ஏன் உறைய வேண்டும்?

ரத்தம் குழாய்க்குள் உறையாமல் ஓட, உறையவைக்கும் பொருள்களும் உறைவைத் தடுக்கும் பொருள்களும் சமநிலையில் இருக்க வேண்டும். தடுப்பவற்றில் முக்கியமான ஒன்று ஆன்டித்ரோம்பின் என்ற புரதம். இது ஆல்புமினைவிடச் சற்றே சிறியது. சிறுநீரக வடிகட்டி பழுதாகி ஆல்புமின் ஒழுகும்போது இதுவும் கூடவே ஒழுகிவிடுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் ஓவர்டைம் வேலை செய்து பல புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஃபைப்ரினோஜென் போன்ற உறையவைக்கும் புரதங்களும் உண்டு. அளவில் பெரியவை என்பதால் அவை ஒழுகாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். ஒரு பக்கம் தடுப்பு குறைகிறது, மறுபக்கம் உறையவைப்பது கூடுகிறது.

மூன்றாவது காரணத்தைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். உடம்பு வீங்கியிருக்கிறது, எனவே உடம்பில் தண்ணீர் அதிகம் என்று எண்ணுகிறோம். கரை உடைந்தால் புக்கிட் மேரா வாய்க்காலில் தண்ணீர் குறைந்து வயலில் தேங்குமே, அந்தக் கதைதான் இங்கேயும். ஆல்புமின் குறைந்த ரத்தத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. நீர் தசைக்கும் தோலுக்கும் இடையில் கசிந்து நிற்க, குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகிறது. பார்ப்பதற்கு ஊதியிருக்கும் பிள்ளையின் ரத்தக் குழாய்கள் உள்ளே வறண்டிருக்கலாம். கை கால் சில்லிடுவது, வயிற்று வலி, சிறுநீர் மிகக் குறைவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

ஆகவே வீக்கத்தை வற்றவைக்க நாமாக எதையும் கொடுப்பது ஆபத்து. தாத்தாவின் நீர் மாத்திரையில் பாதி, நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைக் கஷாயம் ஆகியவை நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கப்படுகின்றன. ஆனால் அவை குழாயில் மிச்சமிருக்கும் நீரையும் வெளியேற்றக்கூடும். உப்பைக் குறையுங்கள், கருவாடு, கிச்சாப், உடனடி மீ எல்லாம் அதில் அடக்கம். தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இந்த நோயுள்ள குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கே ரத்தக்கட்டி வருகிறது. பெரியவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அந்த மருந்துகளோ ரத்தப்போக்கை உண்டாக்கக்கூடியவை. ஆகவே முன்பு ஒருமுறை ரத்தக்கட்டி வந்தவர்கள், அல்லது ஆல்புமின் மிகவும் குறைந்து அதோடு வேறு ஆபத்துகளும் சேர்ந்தவர்கள் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும், நோய் கண்ட முதல் சில மாதங்களிலும் கவனம் கூடுதலாக வேண்டும். ஊசியாகப் போடும் ஹெப்பரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது; தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், தவறில்லை. வார்ஃபரின் மாத்திரை என்றால், மருந்தின் வேலை ஏறியிறங்கும் என்பதால், முருங்கைக்கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு வாரம் இல்லவே இல்லை என்று மாற்றிமாற்றிக் கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரினை நாமாகக் கொடுக்கவே கூடாது.

உண்மையில் ரத்தக்கட்டியைத் தடுக்கும் முதல் மருந்து பிரெட்னிசோலோன்தான். இந்த ஸ்டீராய்டை ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் புரதம் ஒழுகுவது நின்றுவிடும். ஒழுகல் நின்றால் ஆன்டித்ரோம்பினும் தானாகத் திரும்பும். ஆனால் பிள்ளையின் கன்னம் உப்பிவிட்டது, உறவினர் கேலி செய்கிறார்கள் என்று பாதியில் நிறுத்தும் வீடுகள் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நாள்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதே தனி ஆபத்து. உப்பிய கன்னம் மருந்து குறையக் குறைய வடிந்துவிடும்.

பிள்ளையைப் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள். சீக்காளி என்று கையில் கைப்பேசியைக் கொடுத்து நாள் முழுக்கக் கிடத்துவது அன்பாகத் தெரிந்தாலும், அசையாத காலில் ரத்தம் தேங்கும். முடிந்தவரை நடக்கட்டும், விளையாடட்டும். கிருமித் தொற்றும் உறைவைத் தூண்டும் என்பதால் காய்ச்சலை அலட்சியம் செய்யக்கூடாது. தொற்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி 2020 டிசம்பரில்தான் மலேசிய அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பு பிறந்த பிள்ளை என்றால், போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைக் குச்சி ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். காலைச் சிறுநீரில் தொடர்ந்து மூன்று நாள் புரதம் மூன்று பிளஸ் (+++) என்று காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு சிலருக்கு ரத்தக்கட்டி வரத்தான் செய்யும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, விலாவில் வலியோடு சிறுநீர் சிவப்பாகப் போவது, விடாத தலைவலியோடு வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999. அங்கே போனதும், பிள்ளைக்கு நெஃப்ரோடிக் இருக்கிறது, ரத்தக்கட்டியாக இருக்குமோ என்று பயப்படுகிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.