கேஸ்ட்ரிக் என்று சொல்லி முடித்துவிட்டோம்

சுங்கை பஞ்சாங் பக்கத்தில் ஒரு கிளினிக். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். அம்மா தமிழில் சொல்லத் தொடங்கினார். விடியற்காலையில் வாயில் நீர் ஊறி ஓங்கரிக்கிறது. கோப்பி வாசம் பட்டாலே வயிறு புரட்டுகிறது. ராத்திரி படுத்தால் புளித்தண்ணி தொண்டை வரைக்கும் ஏறுகிறது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. தாளிக்கிற வாசத்துக்குப் பயந்து அடுப்படிப் பக்கமே போவதில்லை. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற நான், டாக்டரிடம் மலாயில் சொன்னது ஒரே சொல்: கேஸ்ட்ரிக்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோலசிலாங்கூரில் தொடங்கி தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாக சபாக் பெர்ணம் வரைக்கும், தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீடுகளில் குடியிருக்கும் நம்மில் பலர் இதையே செய்கிறோம். பெற்றவள் ஐந்து நிமிடம் சொன்ன வேதனையை ஒரு சொல்லாகச் சுருக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு ஒரு மாத்திரை கிடைக்கிறது. மாத்திரை கையில் வந்ததும் நம் கடமை முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஆறு வருடமாக ஒமெப்ரசோல். அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரைகளில் இந்த வகைக்கு முன்னோடி, 1988-இல் விற்பனைக்கு வந்தது. வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகளை இது அடைத்துவிடும். உலகத்தில் எத்தனையோ பேரை வயிற்றுப் புண்ணிலிருந்து காப்பாற்றிய நல்ல மருந்து. பசியாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் சாப்பிட்டால்தான் முழுப் பலன். எங்கள் அம்மா அதை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கிவந்தார். ஆறு வருடத்தில் நாங்கள் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஒருநாள், இந்த மாத்திரையை அதிக நாள் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். பயந்துபோய் அன்றைக்கே நிறுத்தினோம். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 சத்தும் மெக்னீசியமும் குறையலாம். சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். தேவை இல்லாதவர்கள் இந்த மாத்திரையைக் குறைக்கத்தான் வேண்டும். குறைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை நாங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை.

நிறுத்திய நான்காம் நாள் குமட்டல் ஆரம்பித்தது. இஞ்சித் தண்ணி கொடுத்தோம். ஓமத்தண்ணி கொடுத்தோம். கோடாலித் தைலத்தை நெற்றியிலும் தொப்புளிலும் தேய்த்தோம். தெம்பு வரட்டும் என்று காற்றடைத்த பானத்தை வாங்கிவந்து குடிக்க வைத்தோம். அது ஏப்பத்தையும் எரிச்சலையும் கூட்டியது. இரண்டாம் வாரம் எங்கள் பேச்சு மாறியது. வயசாகிவிட்டது என்றோம். அப்பா போனதிலிருந்து மனசு சரியில்லை என்றோம். யாரும் கவனிக்கவில்லை என்று இப்படிச் செய்கிறாரோ என்றுகூட ஒரு ராத்திரி எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எழுதவே கூசுகிறது. மூன்று வாரம் அம்மா மங்குப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் உடம்பில் நடந்ததற்கு மருத்துவத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. அமிலத்தை நீண்ட நாள் அடக்கி வைத்தால், போதவில்லை என்று நினைத்து உடம்பு காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது அமிலத்தைத் தூண்டும் செல்களைப் பெருக்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அணையைத் திறந்த மாதிரி அமிலம் முன்னைவிட அதிகமாகப் பாய்கிறது. டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். மறு பிரிவுக்கு முழுக்க வெற்று மாத்திரை. மருந்தை நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், அஜீரணம் மாதிரியான தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்குத்தான் வந்தன. நல்ல வயிற்றுக்கு, அதுவும் எட்டே வாரத்தில் இந்த நிலை. ஆறு வருடம் பழகிய வயிற்றை நாங்கள் ஒரே நாளில் கைவிட்டோம். அது துடித்தபோது மனசு சரியில்லை என்றோம்.

எங்கள் குற்றம் நிறுத்தியதோடு முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. அதற்கு வாங்கிவைத்த வலி மாத்திரைகளை அவர் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைகள் வயிற்றுச் சுவரை அரிக்கக்கூடியவை. அதற்குக் காவலாக இருந்த மருந்தை எடுத்துவிட்டு, அரிக்கிற மருந்தை மட்டும் விட்டுவைத்தோம். வயிற்றில் ரத்தம் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஸ்கோப் எடுக்க இரண்டு வருடத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். எனக்கும் கிடைக்கவில்லை. அம்மா எப்போதும்போல, பரவாயில்லை என்றார். அவர் பரவாயில்லை என்று சொன்னது எங்களுக்கு வசதியாக இருந்தது. இன்னொரு தேதி கேட்கவில்லை.

இந்த நாட்டில் நாம் எப்படிப்பட்ட உடம்போடு வாழ்கிறோம் என்பதையும் மறந்திருந்தோம். வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1980-களில் அதைக் கண்டு சொன்னார்கள். 2005-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அதிகம் என்பதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே எழுதிவருகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்தியர்களான நம்மில் பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் சுமார் 31 பேருக்கு நீரிழிவு. நீரிழிவு முற்றினால் இரைப்பை மெதுவாகக் காலியாகிக் குமட்டும். மெட்ஃபோர்மின் மாத்திரையும் சிலருக்குக் குமட்டும். பெண்களுக்கு மாரடைப்பே சில சமயம் குமட்டலாகவும் வியர்வையாகவும்தான் வரும். இத்தனை கதவுகளையும் கேஸ்ட்ரிக் என்ற ஒற்றைப் பூட்டால் பூட்டி வைத்திருந்தோம்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். அவரிடம் பெரிய மருந்துகள் கிடையாது. ஆனால் எந்த லயத்தில் யாருக்கு என்ன என்பது அவருக்குத் தெரியும். போன மாதம் கொடுத்த மருந்து கேட்டதா என்று ஆளைப் பார்த்துக் கேட்பார். கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நாம் தாமானுக்கு வந்தோம். இப்போது அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கிவிடலாம். முன்னைவிட நல்ல மருந்து, முன்னைவிடப் படித்த டாக்டர். ஆனால் ஒருமுறை பார்த்த டாக்டர் மறுமுறை இருப்பதில்லை. நேற்று என்ன கொடுத்தார்கள், எதை எப்போது நிறுத்தினோம் என்று கணக்கு வைத்துச் சொல்லும் ஆள் ஒருவர் வேண்டும். டிரெஸ்ஸர் விட்டுப்போன அந்த வேலை பிள்ளைகளான நமக்கு வந்து சேர்ந்தது. நாம் அதை ஏற்கவில்லை.

மூன்றாம் வாரம் கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒரு டாக்டர் கேட்டார்: எந்த மாத்திரையை, என்றைக்கு, எப்படி நிறுத்தினீர்கள்? வாசல் எங்களுக்கு அந்தக் கேள்வியில்தான் திறந்தது. ஸ்கோப் எடுத்தார்கள். புண் இல்லை, கிள்ளியெடுத்த சதையில் கிருமி இருந்தது. பதினான்கு நாள் மருந்து கொடுத்தார்கள். அதன்பிறகு, திரும்பத் தொடங்கிய ஒமெப்ரசோலைப் பாதி அளவாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மெல்ல மெல்ல இறக்கினார்கள். ராத்திரி எரிச்சலுக்கு அமிலத்தின் மேல் படலமாக மிதக்கும் மருந்துத் தண்ணி தந்தார்கள். முட்டி வலி மாத்திரையை மாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடச் சொன்னார்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்கள். நிறுத்தியபின் வரும் குமட்டல் சில வாரங்களில் தணியும் என்று முன்கூட்டியே சொன்னதால், அம்மா பயப்படாமல் அதைத் தாண்டினார். எங்களாலும் இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே அவருக்கு வாங்கித் தந்திருக்க முடியும்.

நம் வீடுகளில் இந்த வாரமே செய்யக்கூடியது இது. பிரிட்ஜின் மேலிருக்கும் மருந்துப் பையைக் கொட்டி, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும், எதற்கு, எந்த நேரத்துக்கு, எத்தனை வருடமாக என்பதையும் ஒரு நோட்டில் எழுதுவோம். வயிற்றில் ரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள், வலி மாத்திரை விடமுடியாதவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் ஒமெப்ரசோலை நிறுத்தமாட்டோம். ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, குமட்டலோடு நெஞ்சு இறுக்கம் — இவற்றில் ஒன்று வந்தாலும் தைலத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுப்போம்.

போன முறை சென்றபோது நோட்டை எடுத்துப் போனேன். டாக்டர் கேட்பதற்கு முன்பே நான் அம்மாவிடம் கேட்டேன், இத்தனை வருடத்தில் முதல்முறையாக.

"அம்மா, இது எப்பருந்து இருக்கு?"

"கித்தாக் காட்டுக்குப் போன நாள்லருந்தே இருக்குப்பா. விடியறதுக்கு முன்ன பெரட்டுக்குப் போயி நிக்கணும். வெறும் வயித்துல கோப்பி. பசியாற பத்து மணி ஆயிரும். சில நாளு கொண்டுபோன ரொட்டிய உங்களுக்குன்னு திருப்பிக் கொண்டாந்துருவேன். அப்பவே குமட்டும். யாருகிட்ட சொல்றது?"

அதை மலாயில் சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. ஒரு சொல்லையும் விடவில்லை. டாக்டர் முழுவதையும் கேட்டு, எழுதிக்கொண்டார்.