எடைக்கல் யாருடையது?

புதுக் கேமரா ஒன்று சந்தைக்கு வந்த மூன்றாம் நாளே தமிழில் அதற்கு மதிப்புரை வந்துவிடுகிறது. எத்தனை மெகாபிக்சல், வினாடிக்கு எத்தனை ஃபிரேம், 4கே 60இல் ஓரம் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழ் வாயால் சொல்வதுதான். கடைசியில் ஒரு தீர்ப்பு: “போட்டோவுக்கும் வீடியோவுக்கும் இது ஒண்ணே போதும் மச்சான்.” ஜித்ராவில் பதினைந்து வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எடுத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அந்தத் தீர்ப்போடு சண்டை இருக்கிறது. எண்கள் சரியாகவே இருக்கலாம். தராசில் கிடக்கும் எடைக்கல் வேறு ஊருடையது.

நிக்கோன் 2024 நவம்பரில் அறிவித்த இசட்50-2ஐ எடுத்துக்கொள்வோம். பையன்கள் என்னிடம் அதிகம் விசாரிப்பது இதைத்தான். ஏபிஎஸ்-சி சென்சார், 20.9 மெகாபிக்சல். 4கே 30இல் 5.6கே அளவுக்குப் பிடித்துச் சுருக்கித் தருவதால் காட்சி கூர்மையாக இருக்கும். 60க்குப் போனால் சட்டம் நன்றாகவே குறுகிவிடும். உடலுக்குள் அதிர்வைத் தாங்கும் ஏற்பாடு இல்லை. மெமரி கார்டு ஒன்றுதான் போடலாம். இவ்வளவையும் எல்லா மதிப்புரையும் சொல்லிவிடுகிறது. இதே கேமராவை நம் ஊரில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் வெளிச்சம். நம் பையன்கள் பார்க்கும் மதிப்புரைகளில் பாதி அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கே 50. நம் குழல்விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. அவர்கள் சொன்னபடி 30 ஃபிரேம், 1/60 ஷட்டர் என்று வைத்துக் கோயில் மண்டபத்தில் எடுத்தால் படம் துடிக்கும், மங்கலான பட்டை ஊர்ந்து போகும். இங்கே 25 ஃபிரேமுக்கு 1/50, மெதுவாக ஓடவிட 50 ஃபிரேமுக்கு 1/100. இந்த ஒரு வரியைச் சொல்ல எந்தத் தமிழ் மதிப்புரைக்கும் நேரமில்லை. ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றி ஒரு பத்தி புகழ்வார்கள். அது சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. மின்னும் எல்இடி விளக்குக்குக் கீழே தாலி கட்டும் நேரத்தில் அதைப் போட்டால் மாப்பிள்ளை முகத்திலேயே கோடு விழலாம். கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

அடுத்தது சூடு. கேனன் 2020இல் ஆர்5ஐக் கொண்டுவந்தபோது 8கே 20 நிமிடம் ஓடும் என்று நிறுவனமே கணக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கு 23 டிகிரியில் எடுத்தது. கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். தைப்பூசத்தன்று சுங்கை பட்டாணியில் காவடிக்குப் பின்னால் நடப்பவனுக்கு 23 டிகிரி எங்கே கிடைக்கும்? அவன் நடந்துகொண்டே எடுக்கிறவன். அதிர்வைத் தாங்கும் வசதி இல்லாதது அவனுக்குத்தான் பெரிய குறை. நாற்காலியில் உட்கார்ந்த ஆயாவைப் பேச வைத்து எடுப்பவனுக்கு ஒரு முக்காலி போதும்.

மூன்றாவது தோல். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். கோடாக் நிறுவனம் வண்ண அச்சைச் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்று ஒன்றைப் பல வருடம் பயன்படுத்தியது. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. பழுப்பு நிறங்களை ஃபிலிம் நன்றாகக் காட்டத் தொடங்கியதற்கு, மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் செய்த புகார் ஒரு காரணம் என்று ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். கறுத்த மனிதர்களுக்காக மாறவில்லை, சாக்லேட்டுக்காக மாறியது!

இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை பெரிதாக இல்லை. 10-பிட்டில் பதிவு செய்தால் கறுப்பிலேயே எத்தனை சாயல் உண்டோ அத்தனையும் கிடைக்கும். நாம் என்ன செய்கிறோம்? ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டி அந்தச் சாயல்களை வாங்குகிறோம், பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து மணப்பெண்ணுக்கு வெள்ளையடிக்கிறோம். “கஸ்டமர் கேக்குறாங்கண்ணே” என்பார்கள். கேட்கிறார்கள், உண்மை. நாம் காட்டிய ஆல்பங்களைப் பார்த்துத்தானே கேட்கப் பழகினார்கள்? வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மாப்பிள்ளையை மதிய வெயிலில் நிறுத்தி, வேட்டியின் மடிப்பும் முகத்தின் நிறமும் ஒரே படத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நமக்கான சோதனை. அதைச் செய்து காட்டிய ஒரு தமிழ் மதிப்புரையை இன்னும் நான் பார்க்கவில்லை.

கடைசியில் குரல். 2019இல் வந்த பழைய இசட்50இல் மைக் செருகலாம், ஹெட்போன் செருக இடமில்லை. புதியதில் இரண்டும் உண்டு. மதிப்புரைகளில் இது ஒரு வரிக்கு மேல் போவதில்லை. எனக்கு இதுதான் கேமராவின் பாதி விலை. காதில் மாட்டிக் கேட்காமல் எடுத்த பேட்டியில் மின்விசிறிச் சத்தம்தான் இருக்கும், ஆயா இருக்கமாட்டார்.

ஜித்ராவைச் சுற்றி வயல்தான் அதிகம். தோட்டங்கள் பெரும்பாலும் தெற்கே, பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்துகொண்டிருக்கிறது. பெரட்டுக்களம் எங்கே இருந்தது, காண்டா வாளி தூக்கிய தோளில் எந்தப் பக்கம் காய்த்துப்போயிருந்தது என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது. அவர்களுடைய பேரனிடம் 4கே கேமரா இருக்கிறது. அதில் மூன்று நிமிடக் கல்யாண வீடியோ இருக்கிறது. ஆயா அதில் ஸ்லோமோஷனில் அட்சதை போடுகிறார், மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. ஆயா பேசுவது எங்கேயும் இல்லை.

படம் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கெடாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில், 11ஆம் எண் சண்டி என்று குறிக்கப்பட்ட பழங்கோயில் இடிபாட்டை வீடமைப்புக்காக இடித்துவிட்டது 2013இல் வெளியே தெரிந்தது. வி. நடராஜன் போன்றவர்கள் குரல் கொடுத்தபோது, அங்கே ஒன்று இருந்தது என்று காட்ட முன்பே செய்த ஆய்வும் பதிவும் கையில் இருந்தன. பதிவே இல்லாத லயத்தை இடித்தால் எதைக் காட்டிக் கேட்பது?

சயாம் மரண ரயில்பாதையில் ஆஸ்திரேலியப் போர்க்கைதி ஜார்ஜ் ஆஸ்பினால் ஒரு மடக்குக் கோடாக் கேமராவை ஒளித்து வைத்துப் படம் எடுத்தார். எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போட்டு எடுத்தவர் அவர். அந்தப் படங்கள் இன்றும் சாட்சி சொல்கின்றன. அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் கையால் எடுத்த படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அன்று நம்மிடம் கேமரா இல்லை. இன்று அந்தச் சாக்கு செல்லாது.

இனி தமிழில் மதிப்புரை செய்பவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். குழல்விளக்கின் கீழ் எடுத்துக் காட்டுங்கள். பகல் ஒரு மணி வெயிலில் ஓடவிட்டு எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள். கறுத்த முகத்தை வெளுக்காமல் காட்டுங்கள். ஒரு வயதானவரை ஒரு மணி நேரம் பேசவிட்டுச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்கும் தம்பிகளுக்கு: இசட்50-2 தாராளமாகப் போதும். கல்யாணத்தையே தொழிலாகச் செய்யப்போகிறவர்கள் மட்டும் இரண்டு கார்டு போடும் கேமராவுக்குப் போங்கள், தாலி கட்டுவதை இன்னொரு தடவை எடுக்க முடியாது. மிச்சமாகும் வெள்ளியில் நல்ல மைக் ஒன்று, ஹெட்போன் ஒன்று, ஹார்ட்டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒரு டிஸ்க்கில் வாடிக்கையாளர் வேலை இருக்கட்டும். இன்னொன்றில் உங்கள் ஆயா பேசியது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்ற குறிப்போடு இருக்கட்டும்.